உப்புக்காற்றுக்கு மறுநாள்

ஈரப் பஞ்சை உதட்டில் வைக்கப் போனபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கழுவியாச்சா?" என்றாள். குரல் பாதி, காற்று பாதி.

"ஆச்சுக்கா."

"பொய்."

"அட, நிஜமாத்தான் சொல்றேன்."

"தகரத்துல சத்தமே கேக்கலையேடா."

அவன் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டான். படுத்த படுக்கையாகி, கண்ணைத் திறப்பதே பெரும்பாடாகிவிட்ட நிலையிலும் இவளிடம் ஒரு பொய் செல்லுபடியாகவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் சந்தோஷம். ஜன்னலுக்கு மேலே மழைச்சாரல் அடிக்காமலிருக்கத் தகரம் அடித்திருந்தார்கள். வாசல் மாமரத்துக்குத் தண்ணீர் அடித்தால் இலைகளிலிருந்து சொட்டுவது அந்தத் தகரத்தில் விழுந்து அறை முழுக்கக் கேட்கும். கேட்கவில்லையென்றால் மரம் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம்.

அறுபதை நெருங்கியும் அவனுக்குத் தெருவில் தம்பி என்றுதான் பெயர். அக்கா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் அப்படியே பழகிவிட்டது. ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், தெருவுக்கு அவள் சிஸ்டர். ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கல்யாணத்தைத் தட்டிக் கழித்து, கடைசியில் ஒருவர் சமையலை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு ஒரே வீட்டில் தங்கிவிட்டார்கள். மூன்றாவது ஆள் என்று சொல்ல வேண்டுமானால் வாசலில் நிற்கிற மாமரம்.

வீடு கட்டுவதற்கு முன்பே நின்ற மரம் அது. கடல் இரண்டு தெரு தள்ளி. பெருங்காற்று அடிக்கிற இரவுகளில் அலைத்தூறல் இங்குவரை பறந்து வந்து இலைகளில் படிந்துவிடும். விடிந்து பார்த்தால் மரமே நரைத்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலைகள் ஓரம் கருகிக் கொட்டத் தொடங்கிவிடும். ஒரு வருஷம் தெரியாமல் விட்டுவிட்டு, பாதி மரம் மொட்டையாகி நின்றதைப் பார்த்து அக்கா சாப்பிடாமல் கிடந்தாள். அதிலிருந்து உப்புக்காற்று அடித்த மறுநாளெல்லாம் ஹோஸும் கையுமாகத்தான் நிற்பாள். "பேஷண்டுக்கு ஸ்பாஞ்ச் பாத்" என்பாள். "பவுடர் போடலையா சிஸ்டர்?" என்று போகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "வாங்க, உங்களுக்கே முதல்ல போட்டு விடறேன்" என்று ஹோஸை அவர்கள் பக்கம் திருப்புவாள்.

நேற்று ராத்திரி முழுவதும் அந்தக் காற்றுதான் அடித்தது.

"போடா. வெயில் வந்துடும்."

"வரட்டும். நான் உன்ன விட்டு நகர்றதா இல்ல."

அவன் அதைச் சொன்ன வேகத்தில் அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அப்பா போனபோது அவன் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தான். அம்மா போனபோது யாரோ ஒருவர் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டிருந்தான். இரண்டு தடவையும் எல்லாம் முடிந்த பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன். இந்தத் தடவை அப்படி ஆகாது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் கடையைப் பூட்டிச் சாவியைப் பரணில் எறிந்தான். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அதிலேயே தின்று, அதிலேயே தூங்கினான். தெருக்குழாயில் தண்ணீர் வந்த நாட்களில்கூட எழுந்துபோய்த் தரைத்தொட்டியை நிரப்பவில்லை.

"கால் சில்லுனு ஆயிடுச்சு" என்றாள் அக்கா, வேறு யாருடைய காலையோ சொல்வதுபோல. "முட்டி வரைக்கும்."

அவன் போர்வைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தான். பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தான்.

"தேய்ச்சா சூடு வராது. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்." மூச்சு வாங்கினாள். "ஜன்னலைத் தொறந்து வை. நீ அடிக்கறத நான் பாத்துட்டே இருப்பேன். எங்கயும் போயிட மாட்டேன்."

"சத்தியமா?"

"போடா, பெரிய மனுஷா."

அவன் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. காற்றுக்காகச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்தான். அவள் தலையைத் தூக்கி இன்னொரு தலையணை வைத்தான். அப்படியும் மனசு கேட்காமல் கதவுவரை போய்த் திரும்பி வந்து, போர்வையைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

மோட்டாரைப் போட்டு ஹோஸை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு நேராக நின்றான். அங்கிருந்து அவள் முகம் தெரிந்தது. முதலில் ஜன்னல் பக்கத்துக் கிளைகளுக்குத்தான் அடித்தான், அவளுக்குச் சத்தம் கேட்க வேண்டுமே. தகரத்தில் சொட்டு விழுந்தது. அக்காவின் வாய் லேசாக விரிந்தது.

"கேக்குதாக்கா?"

போர்வைமேல் கிடந்த கை கொஞ்சம் உயர்ந்து, கடல் பக்கம் காட்டியது. அந்தப் பக்கம்தான் உப்பு அதிகம், அங்கே அடி என்று உத்தரவு. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிங்க சிஸ்டர்" என்று கத்திவிட்டு, கடல் பக்கம் போனான். அங்கே நின்றால் ஜன்னல் தெரியாது. கீழ்க்கிளைகளை அவசரமாக அலசினான். அவசரமாக அடித்தால் இலையின் அடிப்பக்கம் நனையாது என்று அவள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். அதனால் கட்டை விரலால் ஹோஸின் வாயை அழுத்திப் பிடித்து, கீழேயிருந்து மேலாக, கிளை கிளையாக அடித்தான். பழுப்புத் தண்ணீர் வழிந்து, இலைகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. அந்தக் கொஞ்ச நேரம் அவன் மரத்தை மட்டுமே பார்த்தான்.

தெருப்பக்கம் திரும்பும்போது ஹோஸ் இருமியது. மோட்டார் வெறுமனே ஓடியது. தரைத்தொட்டி காலி.

உள்ளே வந்தான். அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்தான், பிறகு மணிக்கட்டைப் பிடித்தான், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான்.

எப்போதோ ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. "சில பேஷண்டுங்க, கூட இருக்கறவங்க டீ குடிக்கப் போற நேரமாப் பாத்துத்தான்டா போவாங்க. பக்கத்துல பிரியமானவங்க உக்காந்திருந்தா எப்படி எந்திரிச்சுப் போறது?" அன்றைக்கு அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

"ஏமாத்திட்டியேக்கா" என்றான். கோபமாகத்தான் சொல்ல ஆரம்பித்தான். சொல்லி முடிக்கும்போது கோபம் இல்லை. குனிந்து அவள் நெற்றியில் முகத்தை வைத்து அழுதான்.

தெரு கூடியது. குளிப்பாட்டுவதற்காகப் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். யாரோ குழாயைத் திறந்தார்கள். அது ஒரு மூச்சுக் காற்றை விட்டுவிட்டு நின்றுவிட்டது. கிணற்றில் உப்புத் தண்ணீர். அடுத்த குழாய்த் தண்ணீர் நாளைக்குத்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"தொட்டில தண்ணி இல்லையா?" என்று கேட்டாள் எதிர்வீட்டம்மா.

அவளுக்கும் அக்காவுக்கும் சரியான பேச்சு வார்த்தை இல்லை. தெருவைத் தாண்டி அவள் கார் ஷெட்டுக்கு மேல் போகிற கிளைதான் காரணம். காற்றில் விழுந்துவிடும், மேலே பாதியை வெட்டுங்கள் என்றாள். அக்கா ஆள் வைத்து உள்ளே அடைத்திருந்த சிறு கிளைகளை மட்டும் எடுத்தாள். "காத்து நுழைஞ்சு வெளிய போக வழி இருந்தாப் போதும், தலையைச் சீவ வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். கிளை விழவில்லை. எதிர்வீட்டம்மா அதற்காக மன்னிக்கவும் இல்லை.

"மரத்துக்கு அடிச்சுட்டேன்" என்றான் தம்பி. சின்னப் பிள்ளை போலத் தலையைக் குனிந்துகொண்டான். "அக்காதான் சொன்னா. மொத்தமும் அடிச்சுட்டேன். அவளுக்கு ஒரு சொம்புகூட வைக்கல."

எதிர்வீட்டம்மா வாயைத் திறந்தாள். ஏதோ கடுமையாகச் சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நல்ல அக்கா, நல்ல தம்பி" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் வாளி. பின்னாலேயே அவள் மருமகள் ஒரு அண்டாவோடு. அதைப் பார்த்து மற்ற வீடுகளிலிருந்தும் குடமும் பக்கெட்டும் வந்தன. எல்லோரும் நாளைக் காலைவரை எண்ணி வைத்திருந்த தண்ணீர். எதிர்வீட்டம்மாவே வெந்நீர் விளாவி, சொம்பை எடுத்து, சூடு பதமாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்து, அக்காவைக் குளிப்பாட்டினாள்.

மதியத்துக்குமேல் வண்டி வந்தது. தூக்கிக்கொண்டு மரத்தடியைக் கடந்தபோது எதிர்வீட்டம்மா ஒரு நொடி அண்ணாந்து பார்த்தாள்.

மறுநாள் காலை தம்பி அக்காவின் அறையில் இருந்தான். நாற்காலியைக் கட்டிலை விட்டு நகர்த்தினான், திரும்பவும் பழைய இடத்திலேயே போட்டான். தலையணை உறைகளைக் கழற்றி, போர்வையை மடிக்க எடுத்தான். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற இரைச்சல் கேட்டது. எழுந்து போய்த் தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"தம்பி!" தெருவிலிருந்து எதிர்வீட்டம்மாவின் குரல். "எங்க பக்கம் நீங்க நனைக்கவே இல்லையே. ஓரமெல்லாம் கருக ஆரம்பிச்சிருக்கு, பாருங்க!"

ஜன்னல் வழியே பார்த்தான். அவள் தன் வாசலில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வேலைக்குப் பழக்கமில்லாதவள், பாதித் தண்ணீர் அவள் புடவையிலேயே வழிந்தது. கட்டை விரலால் வாயை அழுத்திப் பிடித்து அண்ணாந்து அடித்தாள். தண்ணீர் கார் ஷெட்டுக்கு மேலிருந்த கிளையை நனைத்து, மரத்தின் தலையைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்து விழுந்தது.

தகரத்தில் ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு நிற்காமல்.

"ஆச்சுக்கா" என்றான் தம்பி, கட்டிலைப் பார்த்து. போர்வையின் நான்கு மூலையையும் சேர்த்து மடிக்கத் தொடங்கினான்.