ஊறுகாய் ஜாடியில் ஒரு பச்சை மூடி

இப்போதெல்லாம் யாரும் ஆட்டம் பார்ப்பதில்லை. ஆட்டத்தைப் பற்றி எவனோ அச்சடித்த காகிதத்தைப் பார்க்கிறார்கள். கண்ணெதிரே ஒருத்தன் முட்டி மடங்கி விழுவான். அதைப் பார்க்க மாட்டார்கள். அவன் நாற்பது கெஜத்தை எத்தனை வினாடியில் ஓடினான் என்று கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் அதற்குப் பெயர் அறிவாம்.

டோலியின் மதுக்கடைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த காஸ் ட்ரோஸ்டின் மனத்தில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதச் சனிக்கிழமை, நடுப்பகல். ஈரி ஏரியில் பனிக்கட்டி உடைந்து பத்து நாள்கூட ஆகவில்லை. காற்று காதை அறுத்தது. உள்ளே வறுத்த மீன் வாடையும் சூடும் முகத்தில் அடித்தன.

அவருடைய முக்காலிக்குப் பக்கத்து முக்காலியில் லாய்ட் ஃபென்னர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கேயோ பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பீர் தொடமாட்டார், இஞ்சி சோடாதான். அந்த சோடா பாட்டிலுக்கு அடியில் டோலி ஒரு வெள்ளைக் காகித விரிப்பு வைத்திருந்தாள். முப்பது வருஷமாக வரும் காஸின் கோப்பைக்கு அடியில் அவள் ஒரு நாளும் எதையும் வைத்ததில்லை. மேஜை நனைந்தால் நனையட்டும் என்று விட்டுவிடுவாள்.

"வா காஸ். பலகை நாள்ல கூட லேட்டா?" என்றாள் டோலி.

"பன்னெண்டுன்னு சொன்ன. பன்னெண்டுக்கு வந்திருக்கேன். முன்னாடியே வந்து இடம் பிடிக்கிறவங்க பிடிச்சுக்கட்டும்."

வாத்தியார் சிரித்தபடி தன் காகிதக் கட்டைக் கொஞ்சம் நகர்த்தி வழி விட்டார். அந்தச் சிரிப்புதான் காஸுக்கு ஆகாது. சண்டைக்கு வருகிறவனைச் சமாளிக்கலாம். வழி விடுகிறவனை என்ன செய்வது?

வருகிற வியாழக்கிழமை டிராஃப்ட். நாட்டிலுள்ள அமெரிக்கக் கால்பந்து அணிகள் எல்லாம் முறை வைத்து, கல்லூரியில் ஆடி முடித்த பையன்களில் ஆளுக்கொருத்தனாகப் பொறுக்கி எடுக்கும் நாள். போன பருவம் கேவலமாகத் தோற்றதால் இவர்கள் அணிக்கு ஒன்பதாவது முறை. அதற்கு முந்தின சனிக்கிழமை டோலி கடையில் ஒரு வழக்கம் உண்டு. கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் கரும்பலகையில் தினமும் அன்றைய சூப்பின் பெயர் எழுதியிருக்கும். ஆனால் அதன் மேல் வரியில் சூப்புக்கு இடமில்லை. அணிக்கு இப்போது எது தேவை, அதற்காக எழுந்து நின்று பேசி ஜெயித்தவன் யார் என்று இரண்டு பெயர்கள் மட்டும் வருஷம் முழுக்க அங்கே இருக்கும்.

எட்டு வருஷம் அந்த வரி மாறவே இல்லை. 'முன்வரிசை — காஸ்.' எதிராளியை மார்பால் தடுத்து, பின்னால் நின்று பந்து எறிகிறவனைக் காப்பாற்றும் தடியர்கள் ஐந்து பேர்; அவர்கள் சரியில்லாவிட்டால் மற்றது எதுவும் சரியில்லை என்பது காஸின் ஒரே வேதம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு எஃகு ஆலைக்குப் போனவர், ஆலையின் அணியில் பதினொரு பருவம் அந்த முன்வரிசையில்தான் நின்றார். வலது கையில் இரண்டு விரல் இன்னும் கோணல்.

போன வருஷம் வாத்தியார் எழுந்து, எதிரணி எறியும் பந்தைப் பின்னால் நின்று மறிக்கும் பின்காவலுக்கு ஆள் வேண்டும் என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். ஜெயித்தார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அணி நிஜமாகவே ஒரு பின்காவல்காரனை எடுத்தது. அன்றிலிருந்து 'பின்காவல் — லாய்ட்' என்ற எழுத்துக்குக் கீழே உட்கார்ந்து காஸ் சூப் குடித்தார். உருளைக்கிழங்கு சூப், முட்டைக்கோஸ் சூப், பட்டாணி சூப். ஒன்றுக்கும் ருசி இல்லை.

இன்றைக்கு அந்த வரியைத் திரும்பப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். அணி எவனை எடுத்தால் என்ன, தலையை நிமிர்த்தும்போது தன் பெயர் தெரிய வேண்டும்.

டோலி காலி ஊறுகாய் ஜாடிகளைக் கொண்டுவந்து கல்லாவின் மேல் வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு ஜாடி. ஆளுக்கொரு பாட்டில் மூடி, அதுதான் ஓட்டு. போன வருஷம் ஜெயித்தவர் முதலில் பேசுவார். ஒருத்தர் எடுத்த தேவையை இன்னொருத்தர் எடுக்கக்கூடாது. பேசி முடித்ததும் தன் கோப்பையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்த பிறகு சொன்னதை மாற்ற முடியாது.

"வாத்தியாரே, ஆரம்பிங்க," என்றாள்.

வாத்தியார் எழுந்தார். இந்த முறை காகிதத்தைப் பார்க்கவில்லை. "போன பருவத்துல நம்ம எறிகாரப் பையன் பந்தோட நாப்பத்தாறு தடவை தரையில விழுந்திருக்கான். அதுல இருபத்தொம்பது தடவை இடது பக்கத்துலேர்ந்து வந்து தள்ளியிருக்காங்க. பந்தை எறிய அவனுக்குக் கிடைச்ச நேரம் ரெண்டேகால் வினாடி. ரெண்டேகால் வினாடியில யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நமக்குத் தேவை முன்வரிசை. இடது ஓரத்துக்கு ஒரு மலை மாதிரி ஆளு." சோடாக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

கடையே தலையாட்டியது. யாரோ கல்லாவைத் தட்டினார்கள்.

காஸ் முக்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அதைத்தானேய்யா நான் முப்பது வருஷமா கத்திக்கிட்டிருக்கேன்!"

ரிச்சி பனாஸ் திரும்பினான். ஆலையில் நாற்பது வருஷம் காஸோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவன். காஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். இப்போது அவன் நாற்காலி வாத்தியார் பக்கம் திரும்பியிருந்தது. "நீ கத்தினடா காஸ். அவரு சொன்னாரு. வித்தியாசம் இருக்குல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். டோலிகூட, துடைத்துக்கொண்டிருந்த கோப்பைக்குப் பின்னால்.

"இருபத்தொம்பது தடவைன்னு எண்ணிச் சொன்னா அது உண்மையாயிடுமா? நான் அந்த இடத்துல நின்னவன்டா. இந்த விரலைப் பாரு."

"விரலை எத்தனை தடவைப்பா பாக்கறது? என் பேரப்பிள்ளைக்கே மனப்பாடம்."

மறுபடி சிரிப்பு. அப்போது வாத்தியார் கையை உயர்த்தினார். "காஸ் சொல்றது சரிதான். இது அவரோட விஷயம். நான் கணக்குப் பாத்துதான் கண்டுபிடிச்சேன், அவரு பாத்தே கண்டுபிடிச்சவரு. ஜெயிச்சா பலகையில அவர் பேரையே எழுதுங்க டோலி. எனக்கு வேண்டாம்."

"ஆகா, பெரிய மனசு," என்று யாரோ சொன்னார்கள்.

காஸுக்கு முகம் எரிந்தது. தன் சொந்தக் கோட்டை எவனோ எடுத்து மாட்டிக்கொண்டு, குளிருதா, இந்தா போட்டுக்கோ என்று நீட்டினால் எப்படி இருக்கும்? என்ன திட்டத்தோடு கொடுக்கிறான் இந்த ஆள்? பெயர் காஸுடையதாக இருக்கும், பெருமை இவனுக்குப் போகும். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம், வாத்தியார் விட்டுக்கொடுத்தது என்று பேசிக்கொள்வார்கள்.

"எனக்கு யாரோட பிச்சையும் வேண்டாம்," என்றார் காஸ். எழுந்து நின்றார். "நான் வேற சொல்லப்போறேன்."

"என்னது?" என்றாள் டோலி.

என்ன என்று அவருக்கே தெரியாது. வாயில் வந்தது வந்தது. "பந்து பிடிக்கிறவன்."

கடை சிரிப்பில் வெடித்தது. ரிச்சிக்குப் பீர் மூக்கில் ஏறிவிட்டது. ஓரத்தில் ஓடிப் போய் எம்பிப் பந்து பிடிக்கிறவர்களை காஸ் எப்படிப் பேசுவார் என்று எல்லோருக்கும் தெரியும். கையுறை போட்ட நாட்டியக்காரிகள் என்பார். தொட்டாலே விழுவார்கள், விழுந்தால் தலைமுடியைச் சரிசெய்வார்கள் என்பார்.

"யோவ், காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டியா?"

"நாட்டியக்காரியா காஸ்? உனக்கா?"

காஸ் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். அந்தச் சிரிப்பு உள்ளே எரிந்துகொண்டிருந்ததை இன்னும் ஊதிவிட்டது. "நவம்பர் ஆட்டம். பனி கொட்டிச்சே. நானும் ரிச்சியும் மேல் வரிசையில இருந்தோம். கடைசி நிமிஷம், நாலு கெஜம் பாக்கி. பையன் பந்தைக் கையில வச்சிக்கிட்டு நின்னான். வலது பக்கம் பாத்தான், ஆளில்ல. இடது பக்கம் பாத்தான், ஆளில்ல. ஜெபமாலையில பாதி உருட்டியிருக்கலாம், அவ்வளவு நேரம். எறியறதுக்கு ஒரு நாய் இல்ல. அப்புறம்தான் விழுந்தான்."

"டேய்," என்றான் ரிச்சி. "அன்னிக்கு வீடு வர்ற வரைக்கும் முன்வரிசையைத்தானே திட்டிக்கிட்டு வந்த? இடது ஓரத்துக்காரன் கதவு மாதிரி திறந்துவிட்டான்னு நீதானே சொன்ன?"

அது உண்மைதான். கதவு மாதிரித்தான் திறந்துவிட்டான். காஸ் அதைத் தன் கண்ணால் பார்த்தார், இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது. எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரும் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பாழாய்ப்போன மரியாதையோடு.

"சொன்னேன்," என்றார் காஸ். "தப்பாச் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"முப்பது வருஷமாத் தப்பாச் சொல்லிட்டேன். முன்வரிசை, முன்வரிசைன்னு. அந்த அஞ்சு பேரு எவ்வளவு நேரம்தான் தாங்குவாங்க? பந்தை வாங்கறதுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் வேணாமா? நான் அங்க நின்னு அடி வாங்கினவன், எனக்கே இப்பதான் புரியுது." அவர் தன் கோப்பையைத் தூக்கி, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கவிழ்த்தார். ஈர மேஜையில் அது டப்பென்று சத்தம் போட்டது.

டோலி துடைப்பதை நிறுத்தியிருந்தாள். இந்தக் கடையில் காஸ் ட்ரோஸ்ட் தப்பு என்று ஒத்துக்கொண்டு யாரும் கேட்டதில்லை. ஒருமுறை தீ அணைப்பு வண்டிக்குக் குறுக்கே காரை நிறுத்திவிட்டுக்கூட, வண்டி தப்பான தெருவுக்கு வந்துவிட்டது என்று சாதித்தவர்.

"இவனே தப்புன்னு சொல்றான்னா," என்றான் ரிச்சி மெதுவாக, "அப்ப ஏதோ இருக்குதுடா."

வேறு யாரும் எழுந்து நிற்கவில்லை. இரண்டே ஜாடிகள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து மூடியைப் போட்டார்கள். டோலி ஜாடிகளைத் துணியால் சுற்றி மூடியிருந்ததால், எந்த ஜாடி நிரம்புகிறது என்று பார்க்க முடியவில்லை. காஸ் தன் மூடியைக் கோணல் விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். கை இடது ஜாடிப் பக்கம் போயிற்று. அது முன்வரிசை ஜாடி. கையை இழுத்து, வலது ஜாடியில் போட்டார்.

டோலி இரண்டையும் கல்லாவின் மேல் கவிழ்த்தாள். முன்வரிசைக்கு எட்டு மூடி. பந்து பிடிக்கிறவனுக்கு ஒன்பது.

"காஸ்!" என்று கத்தினான் ரிச்சி. "டேய் காஸ்! பலகை உன்னுது!" முதுகில் அடித்தான். அவன் நாற்காலி இந்தப் பக்கம் திரும்பிவிட்டிருந்தது.

காஸ் அந்த ஒன்பது மூடிகளைப் பார்த்தார். எட்டு, பீர் பாட்டில் மூடி. ஒன்று பச்சை. இஞ்சி சோடா மூடி. அந்தக் கடையில் இஞ்சி சோடா குடிப்பது ஒரே ஒருத்தர்.

அது அந்தப் பக்கம் விழுந்திருந்தால் எட்டுக்கு ஒன்பது. தோல்வி.

"ஏன் போட்டீங்க?" என்றார்.

வாத்தியார் எழுந்து கையை நீட்டினார். "நீங்க சொன்னதுதான். முப்பது வருஷம் நம்பின ஒண்ணைத் தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். அது என் காகிதத்துல இல்லை. என்னை மாத்திடுச்சு."

"நெஜமாவா?"

"சத்தியமா."

ஆலையில் சுமை தூக்கும் சங்கிலியைத் தொங்கவிடுவதற்கு முன் ஒவ்வொரு வளையமாகப் பார்ப்பார் காஸ், எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று. அந்த மாதிரி அந்த முகத்தைப் பார்த்தார். கீறல் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் இன்னும் நம்ப முடியவில்லை. கீறலே இல்லாத சங்கிலி ஏது? ஒன்று, இவன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு வேண்டுமென்றே போட்டிருக்கிறான். இல்லை, கணக்குத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவன். இரண்டில் எதுவானாலும் ஜெயித்தது இவன்தான்.

டோலி ஈரத் துணியால் மேல் வரியைத் துடைத்தாள். சாக்குக்கட்டி கீச்சென்றது. 'பந்து பிடிக்கிறவன் — காஸ்.' அதற்குக் கீழே, 'இன்று: காளான் சூப்.'

"எப்பிடி இருக்கு?" என்றாள். "உக்காரு, உனக்கு முதல் கிண்ணம். வாத்தியாருக்கு ரெண்டாவது."

காஸ் பலகையை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வருஷம். ஒவ்வொரு நாளும். நாட்டியக்காரிக்குப் பக்கத்தில் தன் பெயர்.

"பசிக்கல," என்று கோட்டை எடுத்தார்.

"என்னடா, ஜெயிச்சுட்டு ஓடறே?" என்றான் ரிச்சி.

"வேலையிருக்கு."

வெளியே காற்று ஏரிப்பக்கமிருந்து வந்து கழுத்துப் பட்டைக்குள் நுழைந்தது. வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டும்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் பெயரையும் யாரோ சொன்னார்கள். வாழ்த்தா, கேலியா என்று தெரியவில்லை. நின்று கேட்கவில்லை.

"முன்வரிசைதான்," என்றார் காஸ் காற்றைப் பார்த்து. "எந்த மடையனுக்கும் தெரியும், முன்வரிசைதான்."

கோணல் விரல்களைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தார்.