காலைச் செய்தியில் ஒரு திருத்தம்

பனி விலகாத காலைகளில் அந்த ஊருக்கு உடம்பு இல்லை, குரல் மட்டும்தான் இருந்தது. வீடுகள் பாதி கரைந்து நிற்கும். எதிரே வருகிறவரின் செருப்புச் சத்தம் முதலில் வரும், ஆள் சாவகாசமாகப் பின்னால் வருவார். அந்த வெண்மைக்குள் தெருமுனைக்குத் தெருமுனை ஓர் இரும்புக் கம்பம், கம்பத்தின் உச்சியில் ஓர் ஒலிபெருக்கி, அதிலிருந்து செய்திக்காரரின் குரல். யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்தப் பாலத்தில் தார் போடுகிறார்கள், யாருடைய சாவிக்கொத்து யார் கையில் கிடைத்திருக்கிறது, எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் ஊருக்கு நடந்த மாதிரி.

நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் ஒரு சின்ன அறை அவருடையது. ஒரு மேசை, ஒரு மைக், கால் ஆடுகிற ஒரு நாற்காலி. செய்தி சொல்ல வருகிறவர்கள் செங்குத்தான படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டே பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடுவார்கள். அவரும் பாதியைக் கேட்டு மீதியை ஊகித்துக்கொள்வார். தவறு நேராமல் எப்படி இருக்கும்? அதற்காகவே சாயங்காலச் செய்தியின் கடைசியில் திருத்தம் என்று ஒன்று உண்டு. காலைச் செய்தியை அரைக்காதில் வாங்குகிறவர்கள்கூடத் திருத்தம் கேட்க அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அடுத்தவர் தவறு யாருக்குக் கசக்கும்?

அந்தத் திருத்தங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது ஊருக்குத் தெரியாது. அவை செய்திக்காரரின் மனைவியிடமிருந்து வந்தன.

காலைச் செய்தியை வாசித்து முடித்ததும், தவறவிட்டவர்களுக்காக அதன் பதிவை இன்னொரு முறை ஓடவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடப்பார். தன் குரலுக்கு அடியிலேயே நடந்து வீடு போய்ச் சேரும் பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்? ஒரு கம்பத்தின் குரல் தேயும்போது அடுத்த கம்பத்தின் குரல் கொஞ்சம் பிந்தி எழும். முன்னால் ஒரு செய்திக்காரர், பின்னால் ஒரு செய்திக்காரர், நடுவில் பனியில் நனைந்த மஃப்ளரோடு இவர். சில நாட்களில் மூவரில் தான் யார் என்றே அவருக்குக் குழம்பும். கடைசிக் கம்பம் அவர் வீட்டு மதிலை ஒட்டியே நின்றது. அதற்கு நேர் கீழே வாசல்.

உள்ளே போய் உட்கார்ந்தால் சாப்பாடும் திருத்தமும் ஒன்றாக வரும். "பாலத்துல தார் போடறது புதன்கிழமை. நீங்க வியாழன்னு சொல்லிட்டீங்க." தட்டில் பரிமாறிக்கொண்டே சொல்வாள், குரலை உயர்த்தமாட்டாள். அவர் "ம்" என்பார். நாள் முழுக்க ஊருக்குப் பேசுகிற மனிதர் வீட்டுக்கென்று எதையும் மிச்சம் வைப்பதில்லை. "ம்", "சரி", "போதும்", இதோடு வீட்டுப் பேச்சு முடிந்துவிடும். ஆனால் சாயங்காலம் அவள் சொன்ன திருத்தத்தைத் தவறாமல் வாசிப்பார். சொல்லப்போனால் அவர்கள் இருவருக்கும் இடையில் அன்பு என்று நடமாடியதெல்லாம் அந்த வழியாகத்தான்.

ஒரு நாள், பசியோ குளிரோ, சிடுசிடுத்துவிட்டார். "தப்பு கண்டுபிடிக்கறதுக்குன்னே காதைத் தீட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா நீ?" அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த வாரத்திலிருந்து திருத்தம் நின்றுபோயிற்று.

அதே வாரம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போனாள். அதையும் இவர்தான் செய்தியில் வாசித்தார்: தைக்கக் கொடுத்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். அந்த அம்மாளின் மெஷின் இவர்கள் வீட்டு அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அவள் போனதும் அந்தப் பக்கத்துச் சத்தம் நின்றதே என்று இவர் நிம்மதிப்பட்டார். எவ்வளவு பெரிய மக்கு என்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

முதல் சில நாட்கள் தன் வாசிப்பு சுத்தமாக இருக்கிறது என்று நினைத்து மகிழ்ந்தார். ஆனால் ஒரு நாள் ஒரு தெருவின் பெயரை மாற்றிச் சொன்னது அவருக்கே வழியில் உறைத்தது. வீட்டுக்குப் போனால் அவள் பரிமாறினாள், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றாள், அவ்வளவுதான். அவர் பாதிச் சோற்றிலேயே கை கழுவினார். கோபித்துக்கொண்டு கேட்பதையே விட்டுவிட்டாளா? ஊரே கேட்கிறது, உண்மைதான். ஆனால் இத்தனை காலமும் அவர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பேசியது ஊரை நினைத்தா? ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள், இன்றைக்கும் எதையாவது பிடிப்பாள் என்ற நினைப்பில்தானே.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் இவர் செய்திக்காரர் ஆவாரா? வேண்டுமென்றே தவறு செய்ய ஆரம்பித்தார்.

சின்னதாகத்தான் தொடங்கினார். தபால்காரரின் காணாமல்போன வெள்ளை நாயைக் கறுப்பு நாய் என்று வாசித்தார். அன்று மத்தியானத்துக்குள் நகராட்சிப் படிக்கட்டில் ஊரிலுள்ள கறுப்பு நாய்களையெல்லாம் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். தபால்காரர் ஒவ்வொன்றின் முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளையடிப்பதற்காக நூலகம் மூடியிருக்கும் என்றார். நூலகக்கார அம்மா திறந்த நூலகத்தில் பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, தன்மேல் ஊருக்கு என்ன வருத்தம் என்று படியேறி வந்து கேட்டாள். பாவமாக இருந்தது. மனைவி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலத் திருத்தங்களைத் தானே எழுதித் தானே வாசித்தார், தனியாகச் சீட்டாடுகிறவர் மாதிரி.

அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எந்தத் தவறைக் கேட்டால் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று ராத்திரியெல்லாம் யோசித்தார். விடிந்தபோது விடை கிடைத்திருந்தது.

மறுநாள் வழக்கத்தைவிட அடர்த்தியான பனி. ஜன்னலுக்கு வெளியே ஊரையே காணோம். அவர் தண்ணீர்ச் செய்தியும் பாலச் செய்தியும் வாசித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்றைக்குத் தன் திருமண நாள் என்று வாசித்தார். மழைக்காலத்தில், வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்க நடந்த கல்யாணம் அது. நனைந்த பட்டுப்புடவையைப் பற்றி அவள் இன்றைக்கும் பேசுவாள். பனிக்காலத்தில் கல்யாணம் என்று சொன்னால் விட்டுவிடுவாளா? இதற்கும் அவள் ஒன்றும் சொல்லாவிட்டால், கேட்பதை மட்டுமல்ல, என்னையே விட்டுவிட்டாள் என்று அர்த்தம். அப்படித்தான் அவர் முடிவு கட்டியிருந்தார்.

பதிவை ஓடவிட்டு இறங்கி நடந்தார். முதல் கம்பத்தில் தண்ணீர், இரண்டாவதில் பாலம். பனிக்குள்ளிருந்து முகம் தெரியாதவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள், யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் கனவில் நடப்பவர் மாதிரி தலையாட்டிக்கொண்டே போனார். தன் தெருவுக்குள் திரும்பியதும் அவருடைய வீட்டு வாசலில் வெண்மைக்குள் வெண்மையாக ஒரு கூட்டம் நிற்பது தெரிந்தது. முதல் வாசிப்பைக் கேட்டுவிட்டு அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். நூலகக்கார அம்மா முன்னால் நின்றாள், மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல். எல்லோர் கையிலும் பூ. முன்கூட்டியே எதுவும் தெரியாததால் கையில் கிடைத்ததைப் பறித்துக்கொண்டு வந்திருந்தார்கள், பெரும்பாலும் வெள்ளைப் பூக்கள்.

கதவு திறந்தது. அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள், பூக்களைப் பார்த்தாள். கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போயிற்று.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

நேர் மேலே, கைநீட்டினால் தொடுகிற கம்பத்தின் உச்சியில், அவர் பேசிக்கொண்டிருந்தார். இன்று என் திருமண நாள் என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருவே அதிர்ந்தது. கீழே நின்று அவள் மறுபடியும் கேட்டாள். "யாராவது சொல்லுங்களேன். அவர் எங்க?"

நூலகக்கார அம்மா மெல்ல அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். கூட்டத்தின் பின்னால் நின்ற செய்திக்காரருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. எதிர் ஜன்னல், நின்றுபோன மெஷின், நின்றுபோன திருத்தம், திட்டியபோது அவள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய் அவள் கண்ணெதிரே நின்றார்.

அவள் அவரைத் தொட்டுப் பார்த்தாள். தோளை, மஃப்ளரை, கன்னத்தை. பிறகு எல்லோர் முன்னாலும் அவர் மார்பில் ஓங்கி ஒரு குத்துவிட்டாள். கூட்டம் பூக்களை மதில்மேல் வைத்துவிட்டு ஓசையில்லாமல் பனிக்குள் கலைந்தது.

அடுக்களையில் உட்கார்ந்து அவள் சொன்னாள். போன மழைக்காலத்திலேயே ஆரம்பித்துவிட்டதாம். முதலில் வலது காது, பிறகு இன்னொன்று, தண்ணீர் வடிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டாள். தையல்காரம்மா தினமும் மெஷினில் உட்கார்ந்தபடி செய்தியை ஒரு வார்த்தை விடாமல் வாயசைத்துச் சொல்லிவிடுவாளாம்.

"அப்ப தப்பெல்லாம் கண்டுபிடிச்சது அவங்களா?" என்று கேட்டார். அந்த நிலையிலும் அவருக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"சொன்னதுதான் அவங்க. கண்டுபிடிச்சது நான்."

ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். அவள் அலமாரித் தட்டில் தண்ணீர் ததும்ப நின்ற டம்ளரைக் காட்டினாள். அவர் பேசத் தொடங்கியதும் கம்பம் அதிரும், மதில் அதிரும், அந்தத் தண்ணீரில் வட்டம் வட்டமாகச் சுருக்கம் விழும். அதைப் பார்த்துத்தான் அவர் பேசுகிறார் என்று தெரிந்துகொள்வாளாம். தையல்காரம்மா போன பிறகும் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாளாம், தண்ணீர் அடங்கும்வரை.

"உங்க மூஞ்சிக்காகவா உங்களைக் கட்டிக்கிட்டேன்? அந்தக் குரலுக்காகத்தான். அது எனக்குக் கேக்கலன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

செய்திக்காரர் அவள் கையை எடுத்துத் தன் தொண்டையின் மேல் வைத்துக்கொண்டு, அவள் பெயரைச் சொன்னார். ஊர் அறியாத பெயர் அது. விரல்களுக்குள் அதன் அதிர்வு பரவியதும் அவள் அழுதுவிட்டாள். அவரும்தான்.

அன்று சாயங்காலம் திருத்தம் வந்தது: திருமண நாள் இன்று அல்ல, மழைக்காலத்தில், பூக்களுக்கு நன்றி. ஊர் வாசலுக்கு வந்து கேட்டது. ஆனால் முதல்முறையாக யாரும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து காலைச் செய்தி தாமதமாக வர ஆரம்பித்தது. மைக் கோளாறு என்றார்கள் சிலர், வயதாகிவிட்டது என்றார்கள் சிலர். நூலகக்கார அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முந்தின மாலையே செய்திகளைச் சேகரித்துவிட்டு, காலையில் கம்பங்கள் மௌனமாக நிற்கும் அந்த நேரத்தில், செய்திக்காரர் தன் அடுக்களையில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அன்றைய செய்தி முழுவதையும் சத்தமே இல்லாமல், உதடுகளால் மட்டும், ஒவ்வொரு வார்த்தையாக அவளுக்கு வாசித்தார். வெளியே பனி. டம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்றது.

பாதியில் அவள் கையைத் தூக்கினாள்.

"பாலம் திறக்கறது திங்கட்கிழமையா? நேத்து வாசல்ல வேற மாதிரி சொல்லிட்டுப் போனாங்களே. செவ்வாய்."

அவர் யோசித்துப் பார்த்தார். செவ்வாய்தான். இந்த முறை அவர் வேண்டுமென்று செய்யவில்லை.