முதல் கரணை

மணிவேலுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே அதற்கு மாத்திரை இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. கத்தி வைக்க வேண்டாம், கதிர்வீச்சுக் கரண்டு வைக்க வேண்டாம். தினமும் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் இந்த வகை நோயில் பெரும்பாலானவர்கள் வேலைவெட்டி பார்த்துக்கொண்டு நெடுங்காலம் இருக்கிறார்கள் என்று திருமானூர் டாக்டர் தங்கராசு சொன்னார். இவ்வளவும் சொன்னவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"ஆனா இத நான் எழுதக் கூடாது. ரத்த நோய்க்குன்னு தனியாப் படிச்சவங்க இருக்காங்க. அவங்கதான் எழுதணும்."

"நீங்க எழுதுனா முழுங்குறேன், சார். வேற ஆளு எழுதுனா எனக்கு வேணாம்" என்று மணிவேல் எழுந்து வெளியே போய்விட்டார். போய் மோட்டார் போட்டுக் கரும்புக்குத் தண்ணீர் கட்ட ஆரம்பித்தார்.

அது வீம்பு இல்லை. தங்கராசுவின் கைராசி அப்படி. கைராசி என்பது படிப்பு இல்லை, அனுபவமும் இல்லை. ஒரே ஊசியை ஒரே மருந்துக்கடையில் வாங்கி இரண்டு பேர் போட்டால், ஒருவர் போட்டதில் காய்ச்சல் இறங்கும், மற்றவர் போட்டதில் கை வீங்கும் என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. தங்கராசு காய்ச்சல் இறங்கும் பக்கத்தவர். மணிவேல் சிறுவனாக விஷக்காய்ச்சலில் கிடந்தபோது பிழைக்க வைத்தது அந்தக் கை. இப்போதும், ரெண்டு வாய் சோற்றுக்கே வயிறு நிரம்பிவிடுகிறது என்று போனவரின் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, மண்ணீரல் வீங்கிக் கல்லாக இருப்பதைக் கண்டுபிடித்து, ரத்தம் பரிசோதிக்கச் சொன்னதும் அதே கைதான். கண்டுபிடித்த கையே தீர்க்கவும் வேண்டும் என்று மணிவேல் நினைத்ததில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது.

அவர் மனைவி சசிகலா டாக்டரின் மேசைமுன் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மருந்து பேரு தெரியும்ங்கிறீங்க. எழுதுனா என்னங்க சார்?"

"எழுதுறது பெருசில்லம்மா. மொதல்ல, இது அந்த வகைதானான்னு இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணணும். அப்புறம் அணுக்கள் எவ்வளவு வேகமா எறங்குது, மருந்து கேக்குதா, கேக்கலன்னா எதுக்கு மாத்துறது... இதெல்லாம் நான் படிக்கல. தெரியாத ஆத்துல நான் எறங்குனா உங்க வூட்டுக்காரரையும் சேத்துல்ல இழுத்துட்டுப் போவேன்."

"சும்மா வுட்டா?"

"கொஞ்ச நாளு சும்மா இருக்கிற மாதிரியே இருக்கும். அப்புறம் கட்டுக்கு அடங்காது."

சசிகலாவுக்கு அது போதும். எழுதுவதற்கு ஒரு டாக்டர் வேண்டும். முழுங்குவதற்குப் புருஷன் வேண்டும். முதலில் டாக்டர் என்று முடிவு செய்தாள்.

அரியலூரில் புற்றுநோய் டாக்டர் ஒருவர் இருப்பதாக பஸ்ஸில் ஒருத்தி சொன்னாள். போனாள். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகவே சொன்னார்: "நான் சர்ஜன்மா. கட்டி இருந்தா வெட்டி எடுப்பேன். இது ரத்தத்துல கலந்து ஓடுது, இதுல வெட்ட என்ன இருக்கு? புற்றுநோய் டாக்டர்னு போர்டு ஒண்ணுதான், உள்ள வேலை வேற வேற." திருச்சியிலிருந்து ரத்தநோய் நிபுணர் ஒருவர் மாதம் இரண்டு சனிக்கிழமை பெரம்பலூருக்கு வருவதாகச் சொல்லி, விலாசமும் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை சசிகலா பெரம்பலூரில் இருந்தாள். டாக்டர் ஜெயசித்ரா அவளைவிட இளையவர். ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு, "இவர் எங்க?" என்றார்.

"வரலைங்க. நீங்க எழுதிக் குடுங்க, நான் குடுத்துக்கிறேன்."

"ஆளப் பாக்காம எழுத மாட்டேன்மா. சோத்துல கலந்து குடுக்கலாம்னு நெனச்சீங்களா?"

சசிகலா அதைத்தான் நினைத்திருந்தாள். "கூட்டிட்டு வரேங்க. அடுத்த தடவ நீங்க லீவு போட்டுடாதீங்க" என்றாள்.

"நான் வருவேன். அவர் வருவாரா?" என்று டாக்டர் சிரித்தார்.

வீடு திரும்பியவள் நேராக வயலுக்குப் போனாள். மணிவேல் வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. பாதிப் பாத்திதான் பாய்ந்திருந்தது.

"டாக்டரக் கண்டுபுடிச்சிட்டேன்."

"நீயே போயி மருந்து தின்னு."

"சரி, ஒண்ணு கேக்குறேன். வருசா வருசம் மொதக் கரணைய யாரு ஊணுறா?"

"செல்வம்மா அக்கா. இது என்ன கேள்வி?"

கரும்பு நடும்போது துண்டு துண்டாக வெட்டிய கரணைகளைப் பார் எனும் மண் வரிசையில் ஊன்றுவார்கள். முதல் துண்டை மட்டும் கைராசிக்காரரை அழைத்து ஊன்றச் சொல்வது அங்கே வழக்கம். மணிவேலுக்கு அந்தக் கைராசிக்காரர் பக்கத்து வீட்டுச் செல்வம்மாள்.

"மிச்ச வயல யாரு நடுறா?"

"ஆளுவ நடும்."

"எந்த ரகம் போடணும், எப்ப உரம் வெக்கணும், குருத்துப்பூச்சிக்கு என்ன அடிக்கணும், இதெல்லாம் செல்வம்மா அக்காவையா கேக்குறீங்க?"

"அதுக்கு என்ன தெரியும்? சக்கர மில்லு ஃபீல்டுமேன்தான் சொல்லுவாரு."

"ஃபீல்டுமேனுக்குக் கைராசி உண்டா?"

போன வருடம் அந்த ஃபீல்டுமேன் வீட்டு முருங்கை பட்டுப்போனது ஊருக்கே தெரியும்.

"பெரம்பலூர் டாக்டரம்மா சொல்லட்டும், எழுதட்டும். மொத மாத்திரைய தங்கராசு டாக்டரு கையால வாங்கிக்குங்க. அவர நான் கேட்டுக்கிறேன். மொதக் கரணைக்குத்தான் கைராசி. வெள்ளாமைக்கு விவரம் வேணும். இது உங்க சட்டம்தான், என்னுது இல்ல."

மணிவேல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். பிறகு, "சனிக்கிழமை எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்றார்.

பெரம்பலூரில் ஜெயசித்ரா அவரைப் பரிசோதித்து முடித்துவிட்டு, "வயலுக்கு மோட்டாரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"ஸ்டார்ட்டர்ல கான்டாக்ட் ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

"செவப்பு பட்டன அமுக்குனாலும் நிக்காது. ஓடிக்கிட்டே கெடக்கும்."

"அதேதான். ரத்தம் ஊறுறது எலும்புக்குள்ள. அங்க ஒரு செல்லுல, ஒட்டக்கூடாத ரெண்டு துண்டு ஒட்டிக்கிச்சு. வெள்ளணு போதும், நிறுத்துன்னு உடம்பு சொன்னாலும் நிக்கல. இந்த மாத்திரை அந்த கான்டாக்டுக்கு நடுவுல சொருகுற காகித அட்டை மாதிரி."

மணிவேல் யோசித்தார். "அட்டைய எடுத்துட்டா மறுபடி ஓடுமேங்க."

"அதனாலதான் தினமும். உடம்பு நல்லாயிருச்சுன்னு நீங்களா எடுத்துடக் கூடாது."

மணிவேல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். விவரமான ஃபீல்டுமேன்தான் என்று அந்தப் பார்வை சொன்னது. அன்றே ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஒட்டிக்கொண்ட அந்தத் துண்டு அதில் இருப்பது உறுதியானதும், ஜெயசித்ரா மருந்தை எழுதிக் கொடுத்தார்.

தங்கராசுவை வழிக்குக் கொண்டுவருவதுதான் கடினமாக இருந்தது. "கைராசின்னு ஒண்ணு கெடையாதும்மா. நானே அத நம்பலன்னா?" என்றார்.

"நீங்க நம்ப வேணாம் சார். கைய மட்டும் நீட்டுங்க. நம்புறத அவரு பாத்துக்குவாரு."

வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாத மாத்திரை. அதனால் சசிகலா தூக்குவாளியில் சோறு கொண்டுபோயிருந்தாள். காத்திருந்த நோயாளிகள் பார்த்திருக்க மணிவேல் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவி, உள்ளே போனார். தங்கராசு எதையோ முணுமுணுத்தபடி மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்கும் வரட்டுமா சார்?"

"வந்தா ஊசி போடுவேன்."

மறுநாளிலிருந்து சசிகலா கொடுத்தாள். ஆரம்பத்தில் குமட்டியது, கண்ணிமை வீங்கியது. ஜெயசித்ராவிடம் போய்ச் சொன்னார்கள்; அவர் பார்த்து வேண்டியதைச் செய்தார். ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. கரும்புக்கு மண் அணைக்கும் சமயத்தில் வெள்ளணுக்கள் சரியான அளவுக்கு இறங்கியிருந்தன. மணிவேல் ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட்டார். அட்டையை எடுக்கக் கூடாது என்று ஜெயசித்ரா மறுபடியும் நினைவுபடுத்தி அனுப்பினார்.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் மணிவேல் மாத்திரையை விரலில் பிடித்துக்கொண்டு, "பாத்தியா புள்ள, தங்கராசு சார் கை" என்றார்.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் அலைந்த கால்களை நீட்டி உட்கார்ந்திருந்த சசிகலா, சொம்புத் தண்ணீரை அவர் பக்கம் தள்ளினாள்.

"பாத்தேன். தண்ணிய மிச்சம் வெக்காம குடிங்க."