நீளக் கம்புக்குத் தவளை

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெற்றீசியாவுக்கு வயிறு எரியும். மஸ்கெலியா நீர்த்தேக்கத்துக் கரையிலிருக்கும் பங்களா ஹோட்டலில், வாசலுக்கு நேர் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். கை நீளத்துக்கு ஒரு விரால். அதைத் தூக்கிப் பிடித்துப் பல்லை இளித்துக்கொண்டு றொனால்ட். மீனைப் பிடித்தது அவள். "கொஞ்சம் தாங்கக்கா, புடிச்சுப் பாக்குறேன்" என்று வாங்கினான் படுபாவி. யாரோ படமெடுத்தார்கள். அவளுக்கு வரவேண்டிய மீன்பிடி வழிகாட்டி வேலை அவனுக்குப் போனது. "பெற்றீசியாக்காவா? அவங்க மீன் நல்லா பொரிப்பாங்க" என்று மனேஜரிடம் சொன்னானாம். அந்த ஒரு பேச்சை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

தூண்டிலில் மண்புழுவைக் கோத்துக் கொடுத்தே காலத்தை ஓட்டினான் றொனால்ட். இப்போது வசமாக மாட்டிக்கொண்டான். கொழும்பிலிருந்து வரும் விருந்தாளி புழுவைத் தொடமாட்டாராம். றப்பரிலும் தகட்டிலும் செய்த பொய் இரைதான் வேண்டுமாம். ஹோட்டலில் புதுத் தூண்டில் கம்புகள் இரண்டு வாங்கிவிட்டார்கள். எதில் எதைக் கட்டுவது? வெட்கமில்லாமல் அவளுடைய தேத்தண்ணிக் கடைக்கே வந்து நின்றான், கடை நிறைய ஆட்கள் இருக்கும் காலை நேரத்தில்.

"நீங்கதானக்கா சொல்லணும்" என்று குழைந்தான்.

மாற்றிச் சொல்லிவிடத்தான் அவளுக்கு நாக்கு துடித்தது. அப்புறம் யோசித்தாள். இவன் ஊரையே ஏமாற்றுகிறவன். ஊரே தன்னை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறவன். தண்ணீர் சுடுகிறது என்றால்கூட விரலை விட்டுப் பார்ப்பான். இவனுக்குப் பொய் எதற்கு? உண்மையே போதும்.

"நல்லா கேட்டுக்க தம்பி" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள். "குட்டைக் கம்பு மெல்லிசு. அதுக்கு மீனாட்டம் மினுங்குற சின்னத் தகடு, தெறந்த தண்ணியில வீசணும். நீளக் கம்பு மொரடு. றப்பர் தவளையை அதுலதான் கட்டணும். முங்கிக் கெடக்கிற தேயிலைக் கட்டைக்குள்ள வெரால் கவ்வுனா, ஒரே இழுப்புல வெளிய கொண்டாரணும்ல? மெல்லிசுல தவளையைக் கட்டுனா கம்பு முறிஞ்சிரும்."

ஆட்டோ ஓட்டும் சின்னத்தம்பி தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "இவன் பண்ணுன வேலைக்கு இம்புட்டு வெளக்கமா சொல்லுறியேம்மா!"

"கேட்டா சொல்லணும்ல அண்ணே" என்று சிரித்தாள்.

றொனால்டின் கண் சந்தேகத்தில் சுருங்கியது. அவள் பார்த்துவிட்டாள். அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் தேத்தண்ணியில் சீனி தாராளம்.

மறுநாள் கரையில் நல்ல கூட்டம். அவளும் போய் நின்றாள். அவன் கொண்டுவந்த கம்புகளைப் பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்துபோனது. அவள் சொன்னதற்கு நேர்மாறாக, முரட்டுக் கம்பில் துளியூண்டு தகடு! மெல்லிசில் தவளை! அட மடையா.

விருந்தாளி நீளக் கம்பை வீசினார். இலேசான தகடு காலடியிலேயே விழுந்தது. மறுபடியும் வீசினார், மறுபடியும் அங்கேயே. கூட்டம் சிரித்தது. அப்புறம் குட்டைக் கம்பை எடுத்தார். தவளை கட்டைகளுக்கு நடுவே விழ, தண்ணீர் வெடித்தது. விரால்! அவர் வெட்டி இழுத்தார். படார். பாதிக் கம்புதான் கையில் இருந்தது. நூல் அறுந்து, மீன் தவளையோடு போய்விட்டது.

"என்னடா இது?" என்று மனேஜர் கத்தினார்.

"இந்தக்காதான் ஐயா இப்படிக் கட்டச் சொன்னாங்க!"

இதற்குத்தானே அவள் காத்திருந்தாள். சின்னத்தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொய் சொல்லாதடா!" என்று சின்னத்தம்பி முன்னால் வந்தார். "தவளைக்கு நீளக் கம்புன்னுதான் இந்தப் புள்ள சொல்லுச்சு. கடையே கேட்டுச்சு." ஆமாம் ஆமாம் என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

பெற்றீசியா நீளக் கம்பை எடுத்தாள். தகட்டை அவிழ்த்து, பெட்டியில் இருந்த இன்னொரு தவளையைக் கட்டினாள். கட்டைகளுக்கு அப்பால் எறிந்து துள்ளவிட்டு இழுத்துவந்தாள். வெகுநேரம் எறிந்தாள். தண்ணீர் வெடித்தபோது கம்பை ஒரே தூக்காகத் தூக்கினாள். கட்டைக்குள் நுழைய விடாமல் விராலைக் கரையில் கொண்டுவந்து போட்டாள்.

"சொவத்துல இருக்கிறதும் நான் புடிச்சதுதாங்க ஐயா" என்றாள்.

மனேஜர் றொனால்டைப் பார்த்தார். அவன் உடைந்த கம்பைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டான். "நாளைக்கு நீங்க வேலைக்கு வாங்கம்மா" என்றார்.

"வாறேங்க. மொதல்ல படம் எடுக்கணும். தம்பி, நீயே எடு."

அவன் அவசரமாக ஒன்று எடுத்துக் காட்டினான். "ஆட்டாதடா, மொகம் தெளிவா விழணும்" என்று மறுபடியும் எடுக்க வைத்தாள். அப்புறம் மீனை அவன் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை யாரும் படமெடுக்கவில்லை.

"கொண்டுபோய் நல்லா பொரிச்சு வை, தம்பி."