கேன் தொங்கிய பக்கம்

மணிவேலுக்கு மாமனார் கையால் கிடைத்த முதல் பொருள் ஒரு பழைய புல்லட். கொடுத்த நாளிலிருந்தே அது வலப்பக்கமாக இழுத்தது.

கல்யாணமாகி நாலு வருஷம் அவர் எதுவும் கொடுக்கவில்லை. காரணம் இருந்தது. மணிவேல் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். ஓசூர் சிப்காட்டில் வேலைக்கு வந்த இடத்தில், அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்த லாவண்யாவைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் கேட்காமல் கட்டிக்கொண்டான். லாவண்யாவின் அப்பா கரியப்பன், ராயக்கோட்டைப் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். மகளோடு பேசுவார், மருமகனோடு மட்டும் நேராகப் பேச்சில்லை. அவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "உங்க வூட்டுக்காரரு சாப்புட்டாரான்னு கேளு" என்பார் மகளிடம்.

அப்படிப்பட்டவர், பால் எடுக்க ஊருக்குள்ளேயே வேன் வர ஆரம்பித்ததும், இருபத்திரண்டு வருஷம் பால் சுமந்த வண்டியின் சாவியை மகள் கையில் கொடுக்காமல் மணிவேல் கையில் வைத்தார். மணிவேல் அன்று ஓசூர் வரை சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினான். இடது கைதான் வலித்தது.

இழுக்கும் வண்டியைச் சரிசெய்வது பெரிய காரியமா என்றுதான் அவனும் நினைத்தான். வாடகை வீட்டு வாசலில் கோணி விரித்து ஆரம்பித்தான். ஹேண்டில் பாருக்கு அடியில் இருக்கும் கோன் செட்டை மாற்றினான். முன் போர்க்கில் ஆயில் மாற்றினான். பின்பக்க புஷ்ஷைக் கழற்றிப் புதிது போட்டான். இரண்டு டயரையும் மாற்றினான். வண்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, மறுபடி வலப்பக்கமே போயிற்று. பக்கத்து லைனில் வேலை செய்யும் நவீன்குமார், அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவன், பழைய வண்டிகளென்றால் உயிர். அவன் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எங்க ஊர்ப் பக்கம் போகணும்னு ஆசைண்ணா, என்கிட்ட குடுத்துடுங்க" என்றான்.

மாமனாரைக் கேட்கலாம் என்று லாவண்யா இரண்டு முறை போன் போட்டாள். இரண்டு முறையும் ஒரே பதில்தான். "அது நேராத்தான போவும். ஓட்டத் தெரியணும்." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மணிவேலுக்கு முகம் செத்துப்போயிற்று. ஓட்டத் தெரியாதவன் என்று சொல்லிக்காட்டத்தான் கொடுத்தாரோ என்று கூட நினைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மத்திகிரிப் பக்கம் போய்த் திரும்பும்போது, வேகத்தடையில் அவன் இடது கைப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. வண்டி வலப்பக்கம் திரும்பி, சாலை நடுவிலிருந்த மண்மேட்டில் ஏறிச் சாய்ந்தது. பயப்படாதீர்கள், பெரிய அடி இல்லை. லாவண்யாவுக்கு முழங்காலில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். ஆனால் எதிரே ஒரு லாரி வந்து, ஒதுங்கிப் போனதை அவள் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மஞ்சள் பற்றுப் போட்டபடி அவள் நிதானமாகச் சொன்னாள்.

"இனிமே இதுல நான் ஏற மாட்டேங்க. நீங்களும் ஏறக் கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை நவீன வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

"உங்கப்பா மொத மொதல்ல குடுத்தது. வித்துட்டம்னா, திருப்பி மூஞ்சில எறிஞ்ச மாதிரி ஆயிராதா?"

"எங்கப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க முழுசா இருந்தாப் போதும்."

மணிவேல் நவீன்குமாரிடம் சொல்லிவிட்டான். ஞாயிறு பத்து மணிக்கு வருகிறேன் என்றான் அவன்.

வியாழக்கிழமை காம்பவுண்டில் தண்ணீர் வரவில்லை. தெருக்கோடியில் குடிதண்ணீர் பிடிக்கும் இடத்துக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்க அலுத்துப்போய், லாவண்யா பார்க்காத நேரமாகப் பார்த்து மணிவேல் வண்டியை எடுத்தான். புல்லட்டின் இடப்பக்கத்தில், பின் சீட்டுக்குக் கீழே, பால் கேன் மாட்டுகிற இரும்புக் கொக்கி இன்னும் இருந்தது. பத்து லிட்டர் தண்ணீர்க் கேனை அதில் மாட்டிக்கொண்டு திரும்பினான்.

பாதி தெரு வந்த பிறகுதான் கவனித்தான். இடது கை வலிக்கவில்லை. பிடியைத் தளர்த்தினான். வண்டி கோடு போட்டது போல நேராக வந்தது.

வாசலில் நிறுத்தி, கேனைக் கழற்றிவிட்டு மறுபடி ஒரு சுற்றுப் போனான். இழுத்தது. கேனை மாட்டிக்கொண்டு போனான். இழுக்கவில்லை. மூன்றாவது முறை திரும்பும்போது லாவண்யா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவன் திட்டு வாங்குவதற்கு முன்னால் கொக்கியைக் காட்டி விஷயத்தைச் சொன்னான். அவள் குனிந்து அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா எப்பவும் இந்தப் பக்கம்தான் கேன் மாட்டும். அந்தப் பக்கம் எனக்கு. ஸ்கூலுக்குப் போறப்ப வலப்பக்கம் கால் தொங்கப் போட்டுதான் உக்காருவேன். ரெண்டு கேன் மாட்டுனா புள்ளைக்கு எடமில்லன்னு, ரெண்டாவது நடை மறுபடி வந்து எடுத்துனு போவும்."

மணிவேல் பின் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். கேளுங்கள், அவன் கோட்டை விட்ட இடம் இதுதான். கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கிற வேலை. சுற்றுகிற உருளையின் மேல் கேஜ் முள்ளை வைத்துப் பார்ப்பான். முள் ஆடினால் ரிஜெக்ட், ஆடாவிட்டால் ஓகே. வீட்டிலும் அதே பழக்கத்தில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தான். துளி ஆட்டமில்லை. சக்கரம் ஓகே என்று விட்டுவிட்டான். அது நடுவில் இருக்கிறதா என்று பார்க்கவேயில்லை.

லாவண்யா பூக்கட்டும் நூலை எடுத்து வந்தாள். முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துப் பார்த்தார்கள். பின் ரிம் முழுசாக இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது, அரை விரற்கடை. யாரோ சக்கரக் கம்பிகளை ஒரு பக்கமாக இழுத்து, அவ்வளவு சீராகக் கட்டியிருந்தார்கள். தப்பாகச் செய்த வேலை இல்லை. இடப்பக்கத்துப் பாரத்துக்கு ஈடாகச் செய்த வேலை.

லாவண்யா அப்பாவுக்குப் போன் போட்டாள். கரியப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்பி கட்டுகிற ஆள் ஒருத்தர் இருந்தார், கை வலிக்கிறதென்று அவரிடம் சொல்லி இழுத்துக் கட்டினேன், நீ ரெண்டாவது படிக்கும்போது என்றார். மறந்தே போயிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அந்த வண்டி அன்றிலிருந்து நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை லீவு. மணிவேல் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கம்பி திருகும் சாவியோடு உட்கார்ந்தான். இடப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும், வலப்பக்கத்தை அரைச் சுற்று முறுக்க வேண்டும். சொல்ல எளிது. மதியத்துக்குள் ரிம் நடுவுக்கு வந்தது, ஆனால் கோட்டம் விழுந்து, பாம்பு போல நெளிந்தது. அவன் சாவியைக் கீழே போட்டுவிட்டு, நாளைக்கு நவீன் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுந்தான்.

லாவண்யா கோலமாவுக் கட்டி ஒன்றை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தாள். சக்கரத்தைச் சுற்றச் சொன்னாள். நெளிந்த இடத்தில் மட்டும் வெள்ளை பட்டது.

"வெள்ளை பட்ட எடத்த மட்டும் பாருங்க. ஒவ்வொண்ணா வருவோம்."

வெள்ளையைத் துடைத்துத் துடைத்து, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகினார்கள். நாலு மணி சுமாருக்குச் சக்கரம் சுற்றியது, மாவு எங்கேயும் படவில்லை. நூலைப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி.

ஞாயிறு காலை சர்வீஸ் ரோட்டில் அவன் முதலில் தனியாகப் போய் வந்தான். வந்ததும் அவள் பின்னால் ஏறி, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். ஆளில்லாத இடத்தில் அவன் மெதுவாக இரண்டு கையையும் தூக்கினான். வண்டி நேராகப் போனது. லாவண்யா அவன் தோளுக்கு மேலே எட்டி முன்னால் பார்த்துவிட்டு, கையை வைக்கச் சொன்னாள். பிறகு வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, வர வேண்டாம் என்று நவீன்குமாருக்கு அவளே போன் செய்தாள்.

அப்படியே ராயக்கோட்டைக்கு விட்டார்கள். தக்காளி வண்டிகள் ஒதுங்க ஒதுங்க, ஒரு மணி நேரம். கரியப்பன் வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். சாவிக்குக் கை நீட்டினார். ஒரே உதையில் கிளப்பி, வளைவு வரைக்கும் போய்த் திரும்பினார். இறங்கி நின்று, இடது கையை உதறிக்கொண்டார். மகளைப் பார்க்கவில்லை. நேரே மணிவேலைப் பார்த்தார்.

"என்னா மாப்ள, வலப்பக்கமா இழுக்குது?"

இருபத்திரண்டு வருஷம் கேனுக்கு எதிராக வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்த உடம்பு, கேன் இல்லாமலும் அந்தப் பக்கமே சாய்கிறது. மணிவேலுக்கு அது புரிந்துவிட்டது. லாவண்யா கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றாள். அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"அது நேராத்தான் போகும் மாமா. ஓட்டத் தெரியணும்."

கரியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி வண்டியில் ஏறி, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்டியா. ஏறு பின்னால. நான் எங்க சாயறேன்னு பாத்துச் சொல்லு."