ஒன்பது வருடக் கைகுலுக்கல்

செஸ் போட்டியின் நான்காவது சுற்றில் ஆட்டம் முடிந்து கைகுலுக்கிய இருவரின் கைகள் ஒன்பது ஆண்டுகள் பிரியவில்லை. ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மற்றவர் பஸ் கண்டக்டர். இருவரும் ஒரே கிளப். அதற்குமுன் நாற்பத்தோரு முறை மோதியதில் நாற்பத்தோரு முறையும் தோற்றவர் கடைக்காரர்தான். தோற்பதிலாவது ஓர் ஒழுங்கு வேண்டாமா? மனைவி இறந்த முப்பத்திரண்டாம் நாள் அவர் முதல்முறையாக ஜெயித்தார். எந்தப் பயணி எங்கே இறங்குவார் என்பதை ஒருநாளும் மறக்காத கண்டக்டர், தன் ராணியைக் கொண்டுபோய் எதிராளியின் குதிரை பாயும் கட்டத்தில் வைத்திருந்தார்.

"பாவம் பாத்து விட்டுக்கொடுத்தியா?" என்று கையைப் பிடித்தபடி கேட்டார் கடைக்காரர்.

"சேச்சே, கவனிக்கலப்பா," என்றார் கண்டக்டர். கைகள் ஒட்டிக்கொண்டன.

"கையை விட்டாத்தானே சார் கையெழுத்துப் போட முடியும்?" என்று கேட்டுப் பத்து நிமிடம் காத்திருந்த நடுவர், கடைசியில் முடிவுத்தாளில் இடதுகைக் கிறுக்கலையே ஏற்றுக்கொண்டார்.

சோப்பு, எண்ணெய், டாக்டர் எதுவும் பலிக்கவில்லை. தையற்காரர் இருவரின் சட்டைக்கும் வலது கை நெடுகப் பொத்தான் வைத்துக் கொடுத்தார். காலையில் கடைக்காரர் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கூட்டத்தைத் தள்ளினார். மாலையில் கண்டக்டர் கடையில் நின்று, எழுத்து அட்டையைப் படிக்கத் திணறியவர்களுக்கு இரக்கப்பட்டுக் காதோடு எழுத்தைச் சொன்னார். அந்த வட்டாரத்தில் பாதிப்பேர் தப்பான கண்ணாடியோடு அலைந்தது அதனால்தான். "என் கையை ஒருநாளாவது இப்படிப் பிடிச்சிருப்பாரா?" என்று கண்டக்டரின் மனைவி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் ஆண்டு, காலியான பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கண்டக்டர் சொன்னார்: "விட்டுத்தான் கொடுத்தேன். உன் சம்சாரம் கேட்டுச்சுப்பா. 'ஒரே ஒரு தடவை அவரை ஜெயிக்க விடுங்கண்ணே, வந்து சொல்றப்ப அவர் மூஞ்சியைப் பாக்கணும்'னு. ஆட்டம்னா ஆட்டந்தாம்மான்னுட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போற வாரம்கூட கேட்டுச்சு. அந்த வாரமும் உன்னைத் தோக்கடிச்சேன்."

கைகள் பிரிந்தன. உள்ளங்கைகள் தண்ணீரில் ஊறியவைபோல வெளுத்திருந்தன. கடைக்காரர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார். மூன்று நாள் கடை திறக்கவில்லை. அவள் பார்க்க ஆசைப்பட்ட அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை பஸ்ஸில் ஏறி, வலது கையை நீட்டினார். கண்டக்டர் பற்றிக்கொண்டார். இப்போது அது தானாக ஒட்டவில்லை; வளைவுகளில் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பயணிகள் வழக்கம்போல இரண்டு ஆளுக்கு வழி விட்டார்கள்.