போர்த்தோ சொலிவாவில் விழுந்த வெண்ணிறப் பொருள்

"இதனால் போர்த்தோ சொலிவா நகரவாசிகள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பிப்ரவரி ஒன்பதாம் நாள் காலை பத்து நாற்பதுக்கு, இன்னதென்று தீர்மானிக்கப்படாத வெண்ணிறப் பொருள் ஒன்று நமது சதுக்கத்தின் மீது விழுந்தது. அது என்னவென்று இன்று மாலை நகரசபை முடிவு செய்யும்வரை யாரும் அதை மிதிக்கவோ, உருட்டவோ, பிறர்மேல் எறியவோ கூடாது. இப்படிக்கு, மேயர் லியோலூக்கா."

'தின்னவோ' என்ற சொல் விடுபட்டுப் போயிருந்தது. தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் ஒரு மேயர் எதை மறந்தாலும் அந்தச் சொல்லை மறக்கக்கூடாது.

அறிவிப்பை நகரக் காவலர் சவேரியோ மாதா கோயில் கதவில் தலைகீழாக ஒட்டிவிட்டார். காரணம் குளிர் அல்ல. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டர் விருந்தில், தான் கட்டிக்கொள்வதாக இருந்த அசுந்தாவின் அண்ணன் பந்தலேயோ கல்யாணத் தேதி கேட்டபோது, வாயில் ஆட்டுக்கறியோடு சவேரியோ ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: "இந்த ஊர்ல என்னைக்குப் பனி விழுதோ, அந்த வாரமே கல்யாணம்." அத்தைக்கு மீசை முளைக்கட்டும் என்பதுபோலத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவள் அசுந்தா.

பனி இங்கே எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை விழும்? சவேரியோ காலையிலிருந்து விசாரித்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் முப்பத்திரண்டு என்றார். அவர் மனைவி இருபது என்றாள். "ஒரு போப்புக்கு ஒரு தடவை," என்றார் பாதிரியார். "நீண்ட ஆயுசுள்ள போப்பா இருந்தா ரெண்டு."

மேயருக்கோ வேறு கவலை. ஊர் எல்லைப் பலகையில் 'பனி அறியாத ஊர்' என்று போன கோடையில்தான் புதுச் சாயம் அடித்திருந்தார்.

"சவேரியோ, அது பனி இல்ல. வாதுமைப் பூ."

"பூ தொட்டா சில்லுன்னு இருக்காதுங்களே ஐயா."

"நீ விஞ்ஞானியா? நான் டாக்டர்."

"நீங்க மாட்டு டாக்டருங்களே."

மேயர் ஒரு காலி ஊறுகாய்க் குடுவையை நீட்டினார். மாதிரி எடுத்து மாலைக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது பனி இல்லை என்று சபையே கண்ணால் பார்க்கட்டும்.

முடிதிருத்தும் கடை வாசலில் பந்தலேயோ, கையில் சவரக் கத்தியோடு நின்றான். "மாப்ளே! வானத்தப் பாத்தியா? உன் கல்யாணப் பத்திரிகை கொட்டுது!"

"அது ஆலங்கட்டி, மச்சான்."

"ஆலங்கட்டி டொக்கு டொக்குன்னு விழும். இது உன்னய மாதிரி. சத்தமில்லாம வந்து உக்காந்துக்கிச்சு."

ஊரே கிண்ணத்தோடு தெருவில் இருந்தது. வெள்ளையைக் கரண்டியால் வழிப்பது, அத்திப்பழப் பாகு ஊற்றுவது, வாயில் போடுவது. முதல் பனி நாய்க்கு, இரண்டாவது பூனைக்கு, மூன்றாவதுதான் மனுஷனுக்கு என்பது மலையூர்க்காரர்கள் விதி. ஒரு போப்புக்கு ஒரு பனி விழும் ஊரில் மூன்றாவதுக்கு யார் காத்திருப்பது?

தபால் நிலைய வாசலில் அசுந்தாவும் கிண்ணத்தோடு நின்றாள். சவேரியோ தொண்டையைச் செருமினார். "அசுந்தா, இது பனி இல்லையாம். மேயர் சொல்றார்."

"அப்பாடா! நெசமாவா? காலைலேருந்து ஒரு வேலையும் ஓடல."

"எதுக்கு?"

"பனின்னு ஆயிட்டா உன்னைக் கட்டிக்கணுமே! ஞாயித்துக்கிழமை வர்ற, சாப்பிடுற, எட்டு மணிக்கு உன் வீட்டுக்குப் போயிடுற. இதைவிட நல்ல புருஷன் எங்க கிடைப்பான்?"

காலையிலிருந்து சவேரியோ வேண்டிக்கொண்டது அப்படியே பலித்துவிட்டது. பிறகு ஏன் நெஞ்சில் யாரோ பூட்ஸ் காலோடு ஏறி நிற்பதுபோல இருக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

"அது பனிதான்," என்றார்.

"இப்பதானே இல்லன்னே?"

"அந்தாளு மாட்டு டாக்டர். நான் சொல்றேன், பனிதான். அந்த வாரமே கல்யாணம்னு சொன்னேன்ல?"

அசுந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "சபைல நிரூபி. பாக்கலாம்," என்று கடைசிக் கரண்டியை வாயில் போட்டுக்கொண்டாள்.

சவேரியோ குடுவையோடு ஓடினார். நீரூற்றின் விளிம்பு, கார்களின் கூரை, புனிதர் சிலையின் தலை, எல்லாம் சுத்தமாக வழித்துத் தின்னப்பட்டிருந்தன. சந்து சந்தாகத் தேடி, கடைசியில் ஊர் எல்லைக்கே போனார். 'பனி அறியாத ஊர்' பலகையின் உச்சியில், நிழல் பக்கமாக, ஒரு பிடி மிச்சம் இருந்தது. கட்டைச்சுவரில் ஏறி, தொப்பியால் தள்ளி, குடுவையில் சேர்த்து மூடினார்.

கடலிலிருந்து ஊசியாய்க் காற்று குத்தியது. இந்தக் குளிரில் அதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? சவேரியோ கம்பளிக் கோட்டைத் திறந்து, குடுவையை நெஞ்சோடு அணைத்து, பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரம் பத்திரமாக நடந்தார்.

சபை கூடியிருந்தது. மேயர் தோளில் பதவிக்குரிய மூவர்ணப் பட்டை. கதவோரம் அசுந்தா, கைப்பையை இறுகப் பிடித்தபடி.

சவேரியோ பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, குடுவையை மேசைமேல் வைத்தார். ஏழு உறுப்பினர்களும் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தார்கள்.

பதிவேட்டில் எழுதினார்கள்: பிப்ரவரி ஒன்பது. மழை.